பத்தாம் நம்பர் நட்டு

முதலில் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்ற வேண்டும்.
இதை மறந்த ஒருநாள்
ஸ்பேனர் முனையில் சின்னதாய் ஒரு மின்னல்.
மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது, வளையல் அகலத்துக்கு.
அதிலிருந்து வளையலைக் கழற்றிவிட்டுத்தான்
பானட்டைத் திறக்கிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாருதி.
வெள்ளை என்கிறது ஆர்.சி. புத்தகம்.
நாளை மறுநாள் எஃப்.சி.
ராணிப்பேட்டையிலிருந்து திரும்பும் இரவுகளில்
முகப்பு விளக்கு இரண்டும்
மோர்க்குழம்பு நிறத்தில் எரிகின்றன.
லைட் போடாமல் வருகிறேன் என்று நினைத்து
எதிரே வரும் லாரிக்காரர்கள்
தங்கள் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள்.

பல்பில் குறையில்லை.
பேட்டரியில் கிளம்பும் கரண்ட்
ஸ்டியரிங்குக்குப் போய், சுவிட்சுக்குள் நுழைந்து,
நரைத்த மெல்லிய வயரில் ஊர் சுற்றி
விளக்குக்கு வந்து சேர்வதற்குள்
பாதிச் சம்பளத்தைத் தொலைத்துவிடுகிறது.
இரண்டு ரிலே வைத்தால் நேர்வழி.
கலீலுல்லா கடையில் நானூற்று இருபது ரூபாய்.
"மெக்கானிக் யாரும்மா?"
நான்தான் என்றேன்.
கேட்காமலே ஒரு சுருள் டேப் எடுத்துப் பைக்குள் போட்டார்.

பகலில் தோல் கம்பெனியில் சாயம் நிறுக்கிறேன்,
கிராமுக்குக் கீழே மூன்று புள்ளிவரை.
நகத்துக்குள் கருநீலம்.
அதன்மேல் இப்போது கிரீஸ்.
சத்துவாச்சாரியில் அக்னி நட்சத்திரம்
நைட் ஷிப்ட்டும் பார்க்கும்:
பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறைமலை
எங்கள் தெருவுக்குள் கக்கும்.
மணி பத்தாகியும் பானட் தகடு சுடுகிறது.

ரிலேயைப் பிடிக்கும் கடைசி நட்டு.
எப்போதும் கடைசி நட்டுதான்.
விரலுக்கும் அதற்கும் நடுவில் வியர்வை.
விழுந்தது.
மூன்று முறை சத்தம் கேட்டது.
நான்காவது, தரையில் விழும் சத்தம்,
கேட்கவில்லை.

ஒரு காரின் வயிற்றில்
எத்தனை அலமாரிகள் என்று அப்போதுதான் தெரியும்.
காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன்.
துருப்பிடித்த ஹேர்பின் ஒன்று.
என்னுடையது அல்ல.
முந்தைய ஓனரின் வீட்டில் யாரோ.

பத்தே காலுக்குக் கரண்ட் போனது.
தெரு ஒருமுறை ஹோவென்றது.
நட்டு இல்லாமலே பேட்டரியை மாட்டிச்
சுவிட்சைத் திருகினேன்.
டிக்.
எதிர்ச்சுவரில்
நாலு தடவை வெள்ளையடித்து மூடிய தேர்தல் சின்னம்
எழுந்து நின்றது.

"அந்த லைட்ட அணைக்காத!"
எதிர்வீட்டு நவநீதம்.
தண்ணிக் குழாய்ச் சண்டையில்
ஏழு மாசமாய்ப் பேச்சில்லை.
இடது காதைப் பொத்திக்கொண்டு வந்தாள்.
"கம்மல் திருகாணி வுழுந்துட்ச்சி.
இங்கதான் எங்கியோ கீது."
காந்தக் குச்சியை நீட்டினேன்.
"தங்கம் அது" என்றாள்,
என்னைப் பரிதாபமாய்ப் பார்த்து.

மண்டியிட்டுத் தேடினோம்.
சின்னத்தின் காலடியில் எங்கள் நிழல்கள்
பூதம்போல் குனிந்து
அவையும் எதையோ தேடின.
மண்ணில் மினுக்கியதெல்லாம்
யார் வீட்டுப் பிறந்தநாள் ஜிகினாவோ.

"இது உன்துதா பாரு."
அவள் உள்ளங்கையில் பத்தாம் நம்பர் நட்டு.
முன்சக்கரத்துக்குப் பின்னால் கிடந்ததாம்.

திருகாணி கிடைக்கவில்லை.
கரண்ட் வந்ததும் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்
காதில் செருகிக்கொண்டு போனாள்.
குழாயைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை.

எஃப்.சி. ஆயிற்று.
"வெளிச்சம் தூக்கலா அடிக்குது,
கொஞ்சம் எறக்கி வைங்க" என்றார் ஆய்வாளர்.
இறக்கினேன்.

இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும்
டாஷ்போர்டுக்குக் கீழே
மெல்லிய கிணுகிணுப்பு.
ஏதாவது வாஷராக இருக்கும்.
தங்கமாக இருக்க வழியே இல்லை.
ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்கிறேன்.
டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்,
நவநீதத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.